இது எதுக்கு, பாஸ்?

போன இதழின் கடைசியில், "வீட்டில் பெயர் தெரியாமல் கிடக்கும் பழைய கராஜ் சாமான் இருந்தால் படம் பிடித்து அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். நாலைந்து வரும் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்று வந்திருக்கிறது. கம்பளை வாசகர் ஒருவர் படம் அனுப்பாமல் சாமானையே ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். கண்டக்டர் தம்பி அதை ஸ்டாண்டில் ஒரு வெற்றிலைக் கடையில் வைத்துவிட்டுப் போக, கடைக்கார அக்கா இரண்டு நாளாக அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். அது என்ன, ஏன் அனுப்பினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு குட்டு இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 1969-ல், பதினாலு வயதில், ஹட்டனில் ஒரு கராஜில் ஸ்பேனர் கழுவும் பொடியனாகச் சேர்ந்தவன். என் பாஸ் உன்னெஹே (தலைமை மெக்கானிக்கைச் சிங்களத்தில் மரியாதையாக அப்படிக் கூப்பிடுவோம்) சிங்களவர். திட்டுவது மட்டும் நல்ல தமிழில். பெயர் தெரியாத சாமான் கையில் வந்தால் அதன் உருவத்தைப் பார்க்க விடமாட்டார். "தேஞ்ச இடத்தைப் பாருடா" என்பார். எது பளபளக்கிறதோ அது எதையோ தொட்டிருக்கிறது. எது கறுத்திருக்கிறதோ அது நெருப்பைப் பார்த்திருக்கிறது. நான் சொல்கிற பதில் எல்லாம் இந்த ஒரு வித்தையில்தான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

"என் தாத்தா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு சாண் நீளத்தில் மரக்குச்சி ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் ரப்பர் கிண்ணி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அடைத்த சிங்க்குக்கு என்கிறார் அம்மா. தம்பி அதைக் கண்ணாடியில் ஒட்டி விளையாடுகிறான். உண்மையில் அது என்ன, ஐயா?" (பொகவந்தலாவையிலிருந்து ஒரு மாணவி)

மகள், உங்கள் தம்பிதான் கிட்ட வந்திருக்கிறான். அது ஒட்டுவதற்கான சாமானேதான். ஆனால் ஒட்ட வேண்டியது கண்ணாடியில் அல்ல, வால்வில். வால்வு கிரைண்டிங் குச்சி என்போம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குச்சியின் நடுப்பகுதி மட்டும் வார்னிஷ் போய், கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது பாருங்கள். அது தாத்தாவின் உள்ளங்கை.

எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் போவதற்கு ஒரு வால்வு, புகை வெளியே வருவதற்கு ஒரு வால்வு. காளான் மாதிரி தலையும் தண்டுமாக இருக்கும். மூடும்போது தலையின் விளிம்பு அதன் இருக்கையில் சுற்றிலும் ஒட்டிப் படிய வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் எரியும் வாயு அந்த வழியாகச் சீறும். கொஞ்ச நாளில் வால்வின் விளிம்பையே தின்றுவிடும். அப்புறம் கொழுந்து ஏற்றிய லொறி மேட்டில் முக்கும், முனகும், நின்றுவிடும். அதனால் அந்தக் காலத்தில் சில ஆயிரம் மைலுக்கு ஒரு முறை ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் படிய வைப்போம்.

தேய்ப்பது இப்படி. வால்வின் சாய்ந்த முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட் பூச வேண்டும். மணல் கலந்த கிரீஸ் மாதிரி இருக்கும். சிறிய டின்னில் ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நைஸ். ரப்பர் கிண்ணியை நாக்கில் ஒரு தடவை தொட்டு (பேஸ்ட் பட்ட கையால் அல்ல, ஒரு முறை நான் அப்படிச் செய்து அன்று முழுக்கப் பல்லில் மணல் அரைத்தது) வால்வின் தலையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். ஏழெட்டு உருட்டல், அப்புறம் தூக்கிக் கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடி. தூக்கித் திருப்பாமல் ஒரே இடத்தில் உருட்டினால் வளையம் வளையமாகக் கோடு விழும், அதைப் பாஸ் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் கரகரவென்று சத்தம் வரும். நேரம் போகப் போக அது இறங்கி, சேலை உரசுகிற மாதிரி மெல்லிய சத்தம் ஆகும். அப்போது பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் வால்வைச் சுற்றி ஒரே அகலத்தில் மங்கிய சாம்பல் நிற வளையம், எங்கும் அறுபடாமல். அதுதான் வேண்டியது. பாஸ் அதையும் நம்பமாட்டார். பென்சிலால் அந்த வளையத்தின் குறுக்கே பத்துப் பன்னிரண்டு கோடு கிழித்து, வால்வை வைத்துக் கால் வட்டம் திருப்பி எடுப்பார். எல்லாக் கோடும் நடுவில் அழிந்திருக்க வேண்டும். ஒரு கோடு முழுதாக நின்றால் அந்த இடம் படியவில்லை என்று அர்த்தம். குச்சி மறுபடி என் கைக்கு வரும். பெட்ஃபோர்ட் பெற்றோல் லொறியில் ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. முதல் லொறி முடிந்த அன்று இரவு எனக்குக் கையால் பிசைந்து சோறு சாப்பிட முடியவில்லை, அம்மா ஊட்டிவிட்டார்.

ரப்பர் வெடிக்காமல் இருந்தால் அந்தக் குச்சி இன்றைக்கும் வேலை செய்யும். தம்பியிடமிருந்து வாங்கி வையுங்கள்.

"உடைந்த கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒன்று, நுனி நேராக வெட்டி மழுங்கலாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கைப்பிடியில் டியூப் ரப்பர் சுற்றியிருக்கிறது. அப்பாவின் ஸ்பேனர்களோடு இருந்தது." (மஸ்கெலியா)

கவ்வாத்துக் கத்தி மாதிரி அல்ல, கவ்வாத்துக் கத்தியேதான் தம்பி. தேயிலை வெட்டி வெட்டித் தேய்ந்து உடைந்ததை உங்கள் அப்பா கரி சுரண்டுவதற்கு மாற்றியிருக்கிறார். ஹெட்டிலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கரியையும், மூட்டுக்கு இடையில் ஒட்டிப்போன கேஸ்கெட் தகட்டையும் சுரண்டி எடுக்க. நுனியை மழுக்கியது வேண்டுமென்றே, கூராக இருந்தால் இரும்பில் கீறல் விழும். 1970-லிருந்து 77 வரை இறக்குமதி முடங்கிக் கிடந்த காலத்தில் கடையில் வாங்க எதுவும் இல்லை. டயர் லீவர் என்றால் உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கொல்லனிடம் கொடுத்து அடித்தது. பாணுக்கே வரிசையில் நின்ற காலம், சுரண்டிக்கு எங்கே போவது?

"எங்கள் வீட்டுச் சாமியறையில் அம்மா சூடம் கொளுத்துகிற இரும்புக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கனமானது. அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கிறது. அதோடு ஒரு திருகாணி வைத்த இரும்புச் சட்டமும் இருந்ததாம், அது இப்போது தேங்காய் துருவியைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்கிறது. மாமா வந்தபோது 'இது டயர்க்கடைச் சாமான்' என்று சொல்லிச் சிரித்தார். உண்மையா?" (கினிகத்தேனையிலிருந்து ஒரு வாசகி)

மாமா சொன்னது உண்மை தங்கச்சி. ஆனால் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். நெருப்பு வைக்கச் செய்த கிண்ணம்தானே, அம்மா பெரிதாக ஒன்றும் பிழை விடவில்லை.

அது டியூப் ஒட்டும் சூட்டுக் கிண்ணம். டியூப் போட்ட டயர் பஞ்சரானால், ஓட்டை இருக்கும் இடத்தைச் சுரண்டி, பெற்றோலால் துடைத்து, பச்சை ரப்பர் (இன்னும் வேகாத ரப்பர்) துண்டு ஒன்றை வைப்போம். அதன் மேல் இந்தக் கிண்ணத்தின் மட்டமான அடி. சட்டத்தின் திருகாணியை இறுக்கி, கிண்ணத்துக்குள் கொஞ்சம் பெற்றோலை ஊற்றித் தீ வைத்தால், அது எரிந்து முடிகிற நேரமும் இரும்பு ஆறுகிற நேரமும் ரப்பர் வேகச் சரியாக இருக்கும். பசை போட்டு ஒட்டுவது வேறு, இது வேறு. இதில் பச்சை ரப்பரும் டியூபும் வெந்து ஒன்றாகிவிடும். ரப்பரோடு கந்தகம் சேர்ந்து சூட்டில் இறுகும் அந்த வித்தையை 1839-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அந்தப் பெயரில் டயர் விற்கிற கம்பெனி அவர் செத்து முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு வேறு ஆட்கள் தொடங்கியது, அவருக்குச் சல்லிக்காசு பிரயோசனம் இல்லை.

உங்கள் ஊர் வளைவுகளில்தான் நான் இதை அதிகம் கொளுத்தியிருக்கிறேன். மழையில் தீ நிற்காது. ஒருவர் கிண்ணத்தின் மேல் லொறிப் படங்கைக் கூடாரமாகப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கிளீனர் பையன் படங்கைத் தாழப் பிடித்து, அதில் தீப்பிடித்து, எரிகிற படங்கை நானும் அவனுமாகச் சேற்றில் போட்டு மிதித்தோம். டியூப் மட்டும் நன்றாக வெந்திருந்தது. கிண்ணம் கிடைக்காதவர்கள் பழைய பிஸ்டனைத் தலைகீழாக வைத்து அதற்குள் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள், அதுவும் இதே வேலை செய்யும்.

"ஸ்பேனரில் '3/8 டபிள்யூ' என்று அடித்திருக்கிறது. வாயை அளந்தால் முக்கால் அங்குலத்துக்குக் கிட்ட வருகிறது. எழுதியவனுக்குக் கணக்குத் தெரியாதா?" (பதுளையிலிருந்து ஒரு கணித ஆசிரியர்)

சேர், கணக்குச் சரி, அளந்த இடம்தான் வேறு. டபிள்யூ என்றால் விட்வர்த். ஜோசப் விட்வர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841-ல் போல்ட்டு மரைக்கு ஓர் ஒழுங்கு சொன்னார். அந்த முறையில் ஸ்பேனரில் எழுதுவது வாயின் அகலம் அல்ல, அது பிடிக்கிற போல்ட்டுத் தண்டின் தடிப்பு. 3/8 அங்குலத் தண்டுள்ள விட்வர்த் போல்ட்டின் தலை 0.71 அங்குலம். ஆகவே வாயும் அவ்வளவு. உங்கள் ஸ்பேனரின் அடுத்த பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், '7/16 பி.எஸ்.' என்று இருக்கலாம். பி.எஸ். என்கிற நைஸ் மரை போட்ட போல்ட்டுக்குத் தலையை ஒரு சைஸ் குறைத்துச் செய்தார்கள், அதனால் ஒரே வாய் இரண்டுக்கும் பொருந்தும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடத்தில் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒத்துக்கொண்டன. ஐம்பதுகளில் செய்த மொரிஸ் மைனர் மாதிரி வண்டிகளுக்கு ஏ.எஃப். ஸ்பேனர். அதில் எழுதியிருப்பது வாயின் அகலமேதான். அப்புறம் ஜப்பான் வண்டி வந்து எல்லாம் மில்லிமீட்டர். ஆக ஒரு கராஜில் மூன்று சாதி ஸ்பேனர். நான் கைப்பிடியில் பெயின்ட் பூசிப் பிரித்தேன்: விட்வர்த்துக்குச் சிவப்பு, ஏ.எஃப்.புக்குப் பச்சை, மில்லிமீட்டருக்கு ஒன்றுமில்லை.

உங்களுக்கு ஒரு சின்னத் தந்திரம்: 0.71 அங்குலம் என்பது 18 மில்லிமீட்டர். விட்வர்த் 3/8 கிடைக்காதபோது 18-ஐப் போடலாம். ஆனால் 5/16-க்கு இப்படி ஒன்றும் வாய்க்காது. அது 15.2. பதினைந்து ஏறாது, பதினாறு தலையைத் தின்னும். இங்கிலாந்தில் செய்த பழைய ரோலரோ சிரோக்கோ ட்ரையரோ இன்னும் ஓடுகிற தேயிலைப் பெக்டரிக்காரர்கள் விட்வர்த் ஸ்பேனரைத் தேடி அலைவார்கள். விற்பதென்றால் பழைய இரும்புக்காரனிடம் போகாதீர்கள்.

"கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. மாட்டுக்கு மருந்து ஏற்றுவதா?" (கொட்டகலை, தரம் 9 மாணவன்)

மாடு தப்பியது! அது பற்றரித் தண்ணீர் பார்ப்பது, ஹைட்ரோமீட்டர். குமிழை அமுக்கி விட்டால் பற்றரியின் அசிட் மேலே ஏறும், மிதவை மிதக்கும். முழுச் சார்ஜில் மிதவையின் அளவு 1.28-க்குக் கிட்ட (தண்ணீரைப் போல 1.28 மடங்கு கனம்) நிற்கும், இறங்கிப் போன பற்றரியில் 1.12 அளவுக்கு அமிழும். குழாயின் உள்ளே அசிட் காய்ந்திருக்கலாம். கையுறை போட்டுக் கழுவச் சொல்லி அப்பாவிடம் கொடு.

"எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் மாதிரி இருக்கிறது. ஆனால் நடுவில் வெள்ளைப் பீங்கான் இல்லை, கண்ணாடி! அதோடு கண்ணாடித்துண்டு பதித்த ஒரு குழாயும் பெட்டியில் இருக்கிறது. யாராவது வேடிக்கைக்குச் செய்ததா?" (நுவரெலியா)

வேடிக்கை இல்லை அண்ணே, உங்கள் ஊருக்கு என்றே செய்தது போன்ற சாமான் அது. கலர்டியூன் என்று பெயர், கன்சன் என்ற ஆங்கிலக் கம்பெனி விற்றது. ஒரு பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் இதைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டால், சிலிண்டருக்குள் நெருப்பு எரிவதை வெளியே நின்று கண்ணால் பார்க்கலாம். எஞ்சின் இடுக்கில் தலையை நுழைக்க முடியாத இடத்துக்குத்தான் அந்தக் கண்ணாடித்துண்டு வைத்த குழாய்.

நெருப்பு மஞ்சளாக எரிந்தால் பெற்றோல் அதிகம். மண்ணெண்ணெய் அடுப்பு நன்றாகப் பிடித்து எரிகிறபோது வருமே ஒரு நீலம், அது வந்தால் கலவை சரி. அதுவும் வெளுத்துப் போனால் பெற்றோல் குறைவு.

உங்கள் ஊருக்கென்று ஏன் சொன்னேன் என்றால், நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1,868 மீட்டர். கொழும்போடு பார்த்தால் அங்கே காற்றின் கனம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபரேட்டர் (காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) அங்கே வந்ததும் அதே பெற்றோலைக் கொடுக்கும், ஆனால் எரிக்கக் காற்று போதாது. ஏப்ரல் சீசனில் கொழும்புப் பழைய கார்கள் மகாகஸ்தோட்ட கார் மலையேற்றப் போட்டி பார்க்க வரிசையாக ஏறும்போது பின்னால் கறுப்புப் புகை வரும் பாருங்கள், அதுதான். பிளக்கைக் கழற்றினால் விளக்குக் கரி.

நான் ஒரு சீசன் முழுக்க ஒரு நண்பருடைய கொட்டகையில் இதை மட்டுமே செய்தேன். வெயிலில் நிறம் தெரியாது. நல்ல வேளையாக நுவரெலியாவில் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிடும், கதவைச் சாத்தினால் போதும். எஸ்.யூ. காபரேட்டரின் அடியில் ஆறு முகமுள்ள ஒரு நட் இருக்கும். மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு முகம் ஏற்றுவது, பார்ப்பது, இன்னொரு முகம், பார்ப்பது. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீலமாகிற அந்த இடத்தில் எஞ்சினின் மூச்சே மாறும், காதிலேயே தெரியும். வண்டிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். ஒரு பெரியவர் அரை மணி நேரம் நகராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எத்தனை முகம் ஏற்றினேன் என்று பொனட்டுக்கு அடியில் சோக்கட்டியால் எழுதிவிடுவேன். கீழே போனதும் அத்தனை முகம் இறக்காவிட்டால் கொழும்பில் எஞ்சின் சூடேறிக் கொதிக்கும். மறந்துபோய் என்னைத் திட்டியவர்களும் உண்டு. ஒரு எச்சரிக்கை: இதைப் போட்டுக்கொண்டு வண்டியை ஓட்டாதீர்கள். நிறுத்தி வைத்துப் பார்க்க மட்டும்தான்.

"வளைந்த இரும்புக் கம்பி, ஒரு முனையில் இரண்டு வெட்டு. பாட்டி மாட்டுக்கொட்டில் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடுகிறார்." (லிந்துலை)

ஸ்டாட் பண்ணும் ஹேண்டில். பற்றரி இறங்கினால் வண்டியின் முன்னால் நுழைத்துச் சுற்றுவது. இதில் ஒரே ஒரு விதி: பெருவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கை தானாகக் கழன்றுகொள்ளும். 1974-ல் நான் அவசரத்தில் அமுக்கினேன். டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்தள்ளி வைத்ததும் நானேதான், வேறு யாரையும் சொல்ல முடியாது. மணிக்கட்டு இரண்டாகப் போய், முறிவு வைத்தியர் கட்டிய மூங்கில் பத்தையோடு ஒன்றரை மாதம். இன்றைக்கும் தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் பிடிக்கிறேன். பாட்டி செய்வதே நல்லது.

"ஒரு முனையில் பிளக் மரை, மறு முனையில் நீண்ட ரப்பர் குழாய், நடுவில் பித்தளைக் குமிழ் மாதிரி ஒன்று." (பண்டாரவளை)

டயருக்குக் காற்று அடிப்பது. ஒரு பிளக்கைக் கழற்றி அங்கே இதைத் திருகி, மற்ற சிலிண்டர்களால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால், கழற்றிய சிலிண்டரின் பிஸ்டன் பம்ப் அடிக்கிற கையாகிவிடும். பித்தளைக் குமிழுக்குள் இருக்கும் சின்ன வால்வு வெளிக்காற்றைத்தான் இழுத்து அனுப்பும், பெற்றோல் ஆவி டயருக்குள் போகாது. உங்களுடையதன் மரையை அளந்து 18 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பெரும்பாலும் போருக்கு முந்திய வண்டிக்கானதாக இருக்கும். பின்னாளில் வந்த பிளக்குகள் பெரும்பாலும் 14.

இனி என் குட்டு.

போன இதழில் கம்பளை வாசகர் ஒருவர் ஒரு படம் அனுப்பிக் கேட்டிருந்தார்: மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்த கனமான இரும்பு, மேலே 'வி' வடிவில் பிளவு, கீழே பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு வயர். நான் பெரிய மனிதன் மாதிரி, "தண்டுகளைப் படுக்க வைத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தாங்கி, வயரை யாரோ பிறகு விளக்குக்காகப் பூட்டியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். தகட்டு அடுக்கைப் பார்த்தபோதே கரண்ட் சாமான் என்று தெரிந்திருக்க வேண்டும். உருவத்தைப் பார்த்து ஏமாந்தேன். பாஸ் உன்னெஹே இருந்திருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும்.

பஸ்ஸில் வந்தது அதுதான். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: "ஐயா, நான் முப்பது வருடம் டைனமோ சுற்றியவன். வயரை வெட்டிவிடாதீர்கள். கரண்ட் கொடுத்துப் பாருங்கள்." கேள்வி கேட்டவரே விடை தெரிந்தவர். என்னைச் சோதித்திருக்கிறார்!

அதற்கு ஆங்கிலத்தில் க்ரவ்லர் என்று பெயர், உறுமுகிறது என்று அர்த்தம். நம் தோட்டத்துத் திருவிழாவில் அடிக்கிற உறுமி நினைவுக்கு வருகிறதா? பெயர் மட்டுமில்லை, சத்தமும் அதேதான். டைனமோவுக்குள்ளும் ஸ்டாட்டர் மோட்டாருக்குள்ளும் சுழல்கிற ஆர்மேச்சரில் செப்புக் கம்பிச் சுருள்கள் நிறைய இருக்கும். உள்ளே எங்கோ ஒரு சுருளில் கம்பியோடு கம்பி ஒட்டிப் போனால் வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. அதைப் பிடிப்பதற்கு இது.

பழைய பருத்தி நூல் சுற்றிய வயர் தொட்டாலே பொடியாகியது. அதை எடுத்துப் புது வயரும் பிளக்கும் போட்டேன். ஒரு பழைய லூக்காஸ் டைனமோவிலிருந்து கழற்றிய ஆர்மேச்சரைப் பிளவில் படுக்க வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், பிளவின் இரண்டு சரிவும் நடுவில் மட்டும் வெள்ளி மாதிரித் தேய்ந்திருக்கின்றன, ஆர்மேச்சர்கள் உருண்டு உருண்டு. இது படத்தில் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தேன், தெரிகிறது.

சுவிட்சைப் போட்டதும் அடிவயிற்றில் உறுமல். உடைந்த ஹெக்சோ பிளேட் ஒன்றை ஆர்மேச்சரின் மேல்பக்கம், பள்ளத்தின் நீளத்துக்கு மெல்லப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. ஆர்மேச்சரை ஒரு பள்ளம் திருப்பினேன். ஒன்றும் இல்லை. இன்னொன்று, இன்னொன்று. ஏழாவது பள்ளத்தில் பிளேட் என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் இரும்போடு ஒட்டி, தேனீ மாதிரித் துடித்தது. அந்தப் பள்ளத்தில் ஓடும் சுருள்தான் கெட்டது. 1981-ல் இருந்து என் அலுமாரிக்கு அடியில் "நல்லது" என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த ஆர்மேச்சர் அது.

கம்பளை அண்ணே, உங்கள் உறுமியைப் புது வயரோடு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வெற்றிலைக் கடை அக்காவிடம் விசாரித்தேன். அந்த நேரத்துப் பஸ்ஸில் அதே கண்டக்டர் தம்பிதானாம்.